5 வருட இன்சூரன்ஸ் முடிந்தது தெரியாமல் 4 மாதம் ஓட்டியிருக்கிறேன். இனி எதை எடுப்பது?

#1 ஸ்ப்ளெண்டர்_மதுரை

வணக்கம் நண்பர்களே. 2019 தீபாவளிக்கு ஸ்ப்ளெண்டர் வாங்கினேன். "5 வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார், கவலையே வேண்டாம்" என்று ஷோரூமில் சொல்லி, காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வண்டிப் பெட்டியில் வைத்ததோடு சரி, அப்புறம் பிரித்துப் பார்க்கவே இல்லை.

போன வாரம் பழங்காநத்தம் பக்கம் வாகனச் சோதனை. பின்னால் மனைவி, மடியில் காய்கறிப் பை. லைசென்ஸைக் கொடுத்தேன். காவலர் வண்டி எண்ணைக் கையிலிருந்த கருவியில் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ் அக்டோபரோட முடிஞ்சிருக்கே தம்பி" என்றார். 2,000 ரூபாய் செல்லான்.

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். மழைத் தண்ணீர் இறங்கி மடிப்பெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. மெதுவாகப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு முடிவுத் தேதிகள்! ஒன்று 2020 அக்டோபர், இன்னொன்று 2024 அக்டோபர். இது என்ன கணக்கு? 2020-க்கும் 2024-க்கும் நடுவில் என்னிடம் என்னதான் இருந்தது? இப்போது ஆப்பில் பார்த்தால் ஒரே வண்டிக்கு 850 ரூபாயிலிருந்து 2,000-க்கு மேல் வரை விதவிதமாகக் காட்டுகிறது. எதை எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 திருச்சி_முகவர்

தம்பி, நான் 28 வருடம் இன்சூரன்ஸ் முகவராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போல இரண்டு தேதியைக் கவனிக்காதவர்கள் ஏராளம். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய பெரும்பாலான புது பைக்குகளுக்கும் இதே கதைதான்.

அந்தத் தேதியிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு 5 வருடத் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மொத்தமாக வாங்கியே ஆக வேண்டும். காருக்கு 3 வருடம். இது உச்ச நீதிமன்ற உத்தரவு. வழக்கைத் தொடுத்தவர் நம் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை நாள்தோறும் பார்த்துப் பார்த்து 2012-ல் நீதிமன்றம் போனார். முதல் வருடம் முடிந்ததும் பலர் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அடிபட்டவனுக்கு இழப்பீடு கிடைக்காமல் போகிறது என்பதால்தான் 5 வருடம் கட்டாயமாயிற்று.

ஆனால் கட்டாயமானது தேர்ட் பார்ட்டி மட்டும். அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டம். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் இவற்றுக்கானது ஓன் டேமேஜ். அதை உங்களுக்கு ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள். ஆகவே 2020 அக்டோபருக்குப் பிறகு வண்டி திருடு போயிருந்தால் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. 2024 அக்டோபருக்குப் பிறகு நீங்கள் யார் மீதாவது மோதியிருந்தால் முழு இழப்பீடும் உங்கள் கையிலிருந்துதான்.

சட்டப்படி தேவையான குறைந்தபட்சம் தேர்ட் பார்ட்டி. மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு. இல்லாமல் ஓட்டினால் 196-வது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 4,000. கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே விலைதான். 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் 75 சிசி வரை 538 ரூபாய், 150 சிசி வரை 714, 350 சிசி வரை 1,366, அதற்கு மேல் 2,804. இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஸ்ப்ளெண்டர் 97 சிசி, ஆக வரியோடு சுமார் 843. ஆப்பில் நீங்கள் பார்த்த 850 அதுதான்.

#3 யூனிகார்ன்160

இந்த 150 சிசி கோட்டைப் புது வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். பல்சர் 150 அந்தக் கோட்டுக்குள் 714-ல் வந்துவிடும். என் யூனிகார்ன் 162 சிசி, அதனால் 1,366. 12 சிசி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. புது வண்டிக்கு 5 வருடத்துக்கு மொத்தமாகக் கட்டும்போது 3,851-க்கும் 7,365-க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

#4 நெல்லை_வக்கீல்

முகவர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன். முதல் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "பின்னால் மனைவி, மடியில் காய்கறிப் பை."

ஸ்ப்ளெண்டர் நண்பரே, தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் உங்கள் மனைவிக்குப் பாதுகாப்பு இல்லை. பலர் "நான் ஓட்டுகிறேன், பின்னால் உட்கார்ந்திருப்பவர் மூன்றாம் நபர்தானே" என்று நினைக்கிறார்கள். 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் கட்டாயமாக்கிய பாலிசி பின்னிருக்கையில் வருபவரைச் சேர்த்துக்கொள்ளாது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

எதிரே வந்த லாரி மீது தவறு என்றால் பிரச்சினை இல்லை, அந்த லாரியின் இன்சூரன்ஸிலிருந்து உங்கள் மனைவி கேட்கலாம். ஆனால் நாய் குறுக்கே ஓடி விழுந்தால்? மணலில் சறுக்கினால்? பள்ளத்தில் இறங்கினால்? நம் ஊர் பைக் விபத்துகளில் இப்படித் தானாக விழுவது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். சேலை சக்கரத்தில் சுற்றி விழுந்த வழக்கு என் மேசையிலேயே இருக்கிறது. கணவர் ஓட்டிய வண்டி, வேறு வண்டியே சம்பந்தப்படவில்லை. பாலிசியை வாங்கிப் பார்த்தேன். தேர்ட் பார்ட்டி மட்டும். அந்த அம்மாவின் மகனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேக்கேஜ் பாலிசி, அதாவது ஓன் டேமேஜும் தேர்ட் பார்ட்டியும் ஒன்றாக உள்ளது என்றால் கதை வேறு. பின்னிருக்கை நபர் அதில் அடக்கம் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கையே விட்டது. 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த வழக்கு போனது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்துதான்.

ஆகவே பின்னால் ஆள் ஏற்றுகிற யாராக இருந்தாலும் பேக்கேஜ் எடுங்கள்.

#5 மிதமான_வேகம்

எல்லோரும் பயமுறுத்துவது போலத் தெரிகிறது. நான் ஈரோட்டில் 25 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். 40-ஐத் தாண்ட மாட்டேன். ஒரு முறைகூட யாரையும் இடித்ததில்லை. வருடா வருடம் கட்டிய பணம் எல்லாம் போனது போனதுதான். அபராதத்துக்காகக் கட்டுகிறேனே தவிர, இதனால் எனக்கு என்ன பயன் என்று உண்மையிலேயே புரியவில்லை.

#6 நெல்லை_வக்கீல்

உங்கள் கேள்வி நியாயமானது. கணக்காகவே காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

இருட்டில் சாலையைக் கடந்த 35 வயதுக் கொத்தனார் ஒருவர் மீது 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்த பைக் இடித்து அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயம் பைக் ஓட்டியவர் மீதுதான் தவறு என்று முடிவு செய்கிறது. அவருக்கு மாதம் 15,000 வருமானம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். சுயதொழில் செய்கிறவர், 40 வயதுக்குக் கீழே, ஆகவே எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள். 21,000 ஆகிறது. சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிப்பார்கள். மீதி 15,750. வருடத்துக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு போன்றவையும் வட்டியும் தனி.

இது 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த முறை. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உச்ச வரம்பு கிடையாது. 30 லட்சமானாலும் கம்பெனி கட்டும். பாலிசி இல்லை என்றால் உங்கள் வீடும் சம்பளமும்தான் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, உங்களிடம் சொத்து இல்லை என்றால் அந்தக் கொத்தனார் வீட்டுக்குத் தீர்ப்புக் காகிதம் மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் கட்டும் 714 அந்தக் குடும்பத்துக்கானது.

#7 கோவை_ஒர்க்‌ஷாப்

வக்கீல் சார் சொன்னதோடு இன்னொன்று. வண்டியை இரவல் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். என் கடையிலேயே நடந்தது. ஒரு பையன் நண்பனின் பைக்கை எடுத்துக்கொண்டு போய்த் தானாகவே விழுந்து காலில் கம்பி வைத்தார்கள். "இன்சூரன்ஸ் இருக்கே, ஏன் வராது" என்று வீட்டில் கேட்டார்கள். வக்கீல் சார், இதற்கு வழி உண்டா?

#8 நெல்லை_வக்கீல்

தேர்ட் பார்ட்டியில் இல்லை. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்பதுதான் சட்டம். 2020 ராம்கிலாடி வழக்கிலும் அதையே சொன்னார்கள். தன் வண்டியின் பாலிசியிலேயே தன்னை மூன்றாம் நபராகக் காட்ட முடியாது.

உரிமையாளருக்கு என்று தனியாக இருப்பது 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. 2018-க்கு முன் பைக்குக்கு அது வெறும் ஒரு லட்சம். இதுவும் கட்டாயம்தான். ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாமல் தனி விபத்துக் காப்பீடு வைத்திருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு விலக்குப் பெறலாம். இரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்றே போதும். உரிமையாளரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். உயிரிழப்பு, கை கால் அல்லது பார்வை இழப்பு, நிரந்தர முடக்கம் இவற்றுக்கு மட்டும்தான் தருவார்கள். எலும்பு முறிந்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு மருத்துவக் காப்பீடுதான் வழி.

#9 தாமிரபரணிக்கரை

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் தெருவே ஆறாகிவிட்டது. வீட்டில் இரண்டு வண்டி, என் ஆக்டிவாவும் தம்பியின் எஃப்இசட்டும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் இரண்டிலும் சீட் வரை வண்டல் மண்.

தம்பி ஓன் டேமேஜை விடாமல் போட்டு வந்தவன். நான் "5 வருடம் இருக்கிறதே" என்று ஸ்ப்ளெண்டர் நண்பர் மாதிரியே விட்டுவிட்டவள். அவனுக்கு சர்வேயர் வந்து படம் எடுத்துப் போனார், கிளெய்ம் வந்தது. எனக்கு எதுவும் இல்லை. வண்டியைச் சரிசெய்ய வளையலை அடகு வைத்தேன்.

ஒன்று மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தம்பி அடுத்த நாளே பட்டனை அமுக்கப் போனான். எதிர்வீட்டு மெக்கானிக் அண்ணன்தான் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

#10 கோவை_ஒர்க்‌ஷாப்

அந்த மெக்கானிக் செய்தது நூற்றுக்கு நூறு சரி, அக்கா. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதை "நீங்களாகச் செய்த சேதம்" என்று கிளெய்மில் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் பேச முடியும். தள்ளிக்கொண்டோ, டெம்போவில் ஏற்றியோ கொண்டுபோவதுதான் வழி.

கிளெய்ம் என்றதும் முழுப் பணமும் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதி விலைதான் தருவார்கள். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஸ்கூட்டர்களின் பல பாகங்கள் இப்போது பிளாஸ்டிக்தானே, ஒரு முன் பேனல் உடைந்தாலே பாதி நம் கையிலிருந்து போகும். இந்தக் கழிவு வேண்டாம் என்றால் ஜீரோ டிப்ரிசியேஷன் சேர்க்க வேண்டும், அதைத்தான் கடைகளில் "பம்பர் டு பம்பர்" என்பார்கள். புது வண்டிக்கு அது நல்லது. ஐந்து வருடம் தாண்டிய ஸ்ப்ளெண்டருக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

#11 மிதமான_வேகம்

வக்கீல் சாரின் கணக்கை நேற்று இரவு மனைவியிடமும் காட்டினேன். தேர்ட் பார்ட்டி விஷயத்தில் என் எண்ணம் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 12 வருடப் பழைய வண்டிக்கு ஓன் டேமேஜ் எதற்கு என்பதில் இன்னும் நான் மாறவில்லை. விற்றாலே 15,000 போகாத வண்டி.

#12 திருச்சி_முகவர்

அந்த வாதத்தில் நியாயம் உண்டு ஐயா. ஓன் டேமேஜில் தரும் அதிகபட்சத் தொகை ஐ.டி.வி. புது வண்டியிலேயே அது ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் குறையும், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, இப்படிப் போய் ஐந்தாவது வருடத்தில் பாதியாகிவிடும். அதற்கு மேல் பேசி முடிவு செய்வதுதான். தனியாக மட்டும் போகிறவர், வண்டி வீட்டுக்குள் நிற்கிறது என்றால் விட்டுவிடலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் பின்னால் ஆள் ஏற்றுகிறீர்கள் என்றால் வண்டியின் மதிப்பைப் பார்க்காதீர்கள். பழைய வண்டிக்கு அந்தக் கூடுதல் பிரீமியம் சில நூறு ரூபாய்தான் வரும். அந்த சில நூறை வண்டிக்காகக் கட்டுவதாக நினைக்க வேண்டாம்.

என்.சி.பி. பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். பாலிசி முடிந்து 90 நாளைத் தாண்டினால் அத்தனையும் போய்விடும். மதுரைத் தம்பிக்கு அது 2021-லேயே போய்விட்டது. இனி முதல் படியிலிருந்துதான்.

#13 ஏத்தர்_ஓட்டுநர்

மின்சார ஸ்கூட்டருக்கும் இதே விதியா?

#14 திருச்சி_முகவர்

ஆமாம், பதிவெண் உள்ள எல்லாவற்றுக்கும். சிசிக்குப் பதில் கிலோவாட் கணக்கு: 3 வரை 457, 7 வரை 607. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, 250 வாட்டுக்கு உட்பட்ட சிறு வண்டிகளுக்குப் பதிவும் இல்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை.

#15 பழைய_புல்லட்

விற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும். நான் ஒரு பைக்கைத் தெரிந்தவருக்கு விற்றேன். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பெயர் மாற்றிவிடுவார் என்று நம்பினேன். மூன்று வருடம் கழித்து எனக்கு நீதிமன்ற நோட்டீஸ். வண்டி இரண்டு கை மாறியிருக்கிறது, இன்சூரன்ஸ் இல்லை, யாரையோ இடித்திருக்கிறார்கள். ஆர்.சி.யில் இன்னும் என் பெயர். இப்போது நான் நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். நான் பார்த்தே இராத ஒருவர் அடிபட்டதற்கு.

#16 நெல்லை_வக்கீல்

வருந்துகிறேன் நண்பரே. 2018 நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: வண்டி எத்தனை கை மாறினாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு. விற்ற ரசீதையும் படிவங்களின் நகலையும் பத்திரமாக வையுங்கள், வாங்கியவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவருக்கும் ஒன்று. விற்றவருடைய தேர்ட் பார்ட்டி சட்டப்படி உங்களுக்கு மாறிவிடும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், வண்டி திருடு போனாலும் அவருக்கும் வராது, உங்களுக்கும் வராது. என்.சி.பி. அவரோடு போய்விடும், அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல.

#17 ஸ்ப்ளெண்டர்_மதுரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று பேக்கேஜ் பாலிசி எடுத்துவிட்டேன். பின்னிருக்கை விபத்துக் காப்பீட்டையும் சேர்த்தேன். பணம் கட்டியவுடன் வந்த காகிதத்தில் முகவர் ஐயா சொன்ன மாதிரி முதலில் தேதிகளைத் தேடினேன். "தொடக்கம்" என்ற இடத்தில் தேதியோடு நேரமும் போட்டிருக்கிறது. அந்த நேரத்துக்கு முன் நடந்தால் செல்லாதாமே? அதுவரை வண்டியை எடுக்கவில்லை, பேருந்தில் போய் வந்தேன். மனைவியிடம் பாலிசியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "இவ்வளவு நாளா நான் இதுல இல்லவே இல்லையா" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு கேள்வி. அப்பாவிடம் 2011-ல் வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் இருக்கிறது. அதில்தான் தினமும் வயலுக்குப் போகிறார், பால் கேனோடு. எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தேன், இன்சூரன்ஸ் 2021-லேயே முடிந்திருக்கிறது. இத்தனை வருடம் விட்டதைப் புதுப்பிக்க முடியுமா? பழைய பாலிசிக் காகிதம் எதுவுமே இல்லை.

#18 திருச்சி_முகவர்

முடியும் தம்பி. தேர்ட் பார்ட்டிக்குப் பழைய பாலிசி வேண்டியதில்லை. எக்ஸ்எல் சூப்பர் 70 சிசிக்குள்தான், 538 ரூபாய், வரியோடு 635. அப்பா லைசென்ஸ் வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்தானால் கம்பெனி அடிபட்டவருக்குக் கட்டிவிட்டு அப்பாவிடமிருந்து திரும்ப வசூலிக்கும். பால் கேனோடு அம்மாவும் ஏறுவார் என்றால் இதற்கும் பேக்கேஜ் கேட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் பதிவு எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள், 15 வருடம் நெருங்குகிறது. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒரு முறை ஒப்பிட்டுவிட்டுப் பதியுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் தகராறு.

#19 ஸ்ப்ளெண்டர்_மதுரை

லைசென்ஸ் இருக்கிறது ஐயா, பார்த்துவிட்டேன். அம்மா வியாழக்கிழமை சந்தைக்கு அதில்தான் போவார், ஆகவே பேக்கேஜே கேட்கிறேன். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் சேறு காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார், நான் டார்ச் பிடிக்கிறேன். முதல் நான்கு எழுத்து தெரிகிறது. முழுதும் தெரிந்ததும் பதிந்துவிட்டு வருகிறேன்.